நான் நிறுத்திய ஜாகா

ஸ்டார்ட்அப் பட்டியலைத் திறந்ததும் உங்கள் கை எப்படிப் பரபரக்கிறது என்று நான் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் கடையை உங்களிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டேன் என்றாலும், ஜாசின் பாசாருக்கு மீன் வாங்க வருகிற சாக்கில் வாரத்துக்கு இரண்டு முறை எட்டிப் பார்க்கிறவன்தானே நான். கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாகக் கிளம்பி ஓடுகிற புரோகிராம்கள் இருபது, இருபத்தைந்து வரிசையாக நிற்கும். இது எதற்கு, அது எதற்கு என்று ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போவீர்கள். அணைத்துப் போட்டால் பெட்டி பறந்து வரும். வாடிக்கையாளர் "அடேங்கப்பா, லாஜு லா" என்று வேகத்தை மெச்சுவார். உங்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும். எனக்கும் பல முறை குளிர்ந்திருக்கிறது. அப்படிக் குளிர்ந்த ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றி எழுதிவைக்கத்தான் இவ்வளவு நாள் மனசு வராமல் இருந்தது.

எந்த ராமைக் கழற்ற வேண்டும், எந்த விசிறியைத் துடைக்க வேண்டும் என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை நீங்கள் போனைப் பார்த்தே கற்றுக்கொள்வீர்கள், என்னைவிட நன்றாகவே. தானாக ரீஸ்டார்ட் ஆகிற பெட்டியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். அது நம் எதிரில் சமர்த்தாக இருக்கும். நாம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தி திரும்பியதும் வீட்டிலிருந்து போன் வரும். அதனால் நம்மில் பாதிப் பேர் கண்ணுக்குத் தெரிகிற ஏதாவது ஒன்றைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

பெம்பானில் பரமு டீச்சர் என்று ஒருவர் இருக்கிறார். வாழ்நாள் முழுக்கத் தடிக்காவில், அதாவது பாலர் பள்ளியில், சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு, ஐ.சி. இல்லாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதை வேலையாக எடுத்துக்கொண்டார். தோட்டத்தில் பிறந்து, யாரும் பதிவு செய்யாமல் விட்டு, அடையாள அட்டையே இல்லாமல் ஆளாகிவிட்டவர்கள் எத்தனை பேர் என்பது அவர் வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தால் தெரியும். கடிதம், படிவம், புகைப்படம், சாட்சிக் கையெழுத்து என்று அத்தனையும் ஹாலில் இருந்த அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் இருந்தது.

நான் போன அன்று மலர் என்ற பெண்ணும் அங்கே இருந்தாள். ஜாசினில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவுகிற வேலை. அப்பா யாரென்று தெரியாது. அம்மா பிரசவித்த சில மாதத்தில் இறந்துவிட்டாள். பக்கத்து லயத்துக்காரர்கள் வளர்த்தார்கள், ஆனால் பதிவு செய்ய யாருக்கும் தோன்றவில்லை. அந்த மாதம்தான் கோயிலில் அவள் கழுத்தில் தாலி ஏறியிருந்தது. மாப்பிள்ளைக்கு ஐ.சி. உண்டு, இவளுக்கு இல்லை, அதனால் கல்யாணத்தைப் பதிய முடியாது. பதியாத கல்யாணத்தில் பிறக்கிற பிள்ளைக்குத் தாயின் நிலைதான்.

"எனக்குக்கூட பரவால்ல அங்கிள்," என்றாள். "நாளைக்கி பிள்ள பொறந்தா அதுக்கும் இல்லன்னு ஆயிரும். அதுக்குள்ள எனக்கு வந்துரணும்."

டீச்சர் குறுக்கே வந்தார். "இவ பொறந்தப்ப தோட்டத்து டிஸ்பென்சரியில மருந்து குடுக்கிற டிரெஸர் ஒரு புத்தகத்துல எழுதியிருக்காரு பாய். தாயி பேரு, தாயோட ஐ.சி. நம்பரு, பொம்பளப் பிள்ளைன்னு எல்லாம். அந்தப் புத்தகம் பழைய ஆபிஸ்ல கணக்கெழுதுற கிராணிகிட்ட கெடக்குதாம். ரெண்டு நாளைக்கி வாங்கி ஸ்கேன் பண்ணிடலாம்னு இருக்கேன். அதுக்குள்ள இந்தப் பொட்டிய சரி பண்ணிக் குடுங்க."

பெட்டிக்கு என்ன என்று கேட்டேன்.

"சாயங்காலத்துலதான் இப்டி பண்ணுது. வெளக்கு வெக்கிற நேரத்துக்கு பொட்டுன்னு போயிட்டு, திரும்பத் தன்னால வருது."

இந்த வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். வியாதியின் பெயரை அவர் தமிழில், தெளிவாக, என் முகத்துக்கு நேராகச் சொன்னார். விளக்கு வைக்கிற நேரம் என்றால் அந்திப்பொழுது என்றுதான் என் காது எடுத்துக்கொண்டது. எனக்கு அது மஹ்ரிப் தொழுகை நேரம். அந்த நேரத்தில் ஊரெல்லாம் லைட்டும் விசிறியும் போடுவார்கள், கரண்ட் இறங்கும் என்று மனசுக்குள் ஒரு பதிலைப் போட்டுக்கொண்டேன். அந்த வீட்டில் அந்த நேரத்தில் ஒருவர் எழுந்து போய் விளக்கு வைக்கிறார், அதுவும் ஒரு வேலை, அதற்கும் ஒரு சுவிட்சு உண்டு என்று தோன்றவே இல்லை.

கம்ப்யூட்டர் தானே எழுதிவைக்கிற பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மின்சாரம் திடீரென்று நின்றதாகவே எழுதியிருந்தது. சரி, கரண்ட் வருகிற வழியைப் பார்ப்போம் என்று வயரைப் பிடித்துக்கொண்டு போனேன். அது கம்ப்யூட்டர் மேசைக்குப் பின்னால் ஓடி, பக்கத்தில் இருந்த சாமி மேடையின் சிவப்புத் துணிக்குள் போய் மறைந்தது. எக்ஸ்டென்ஷன் பெட்டி அந்தத் துணிக்குப் பின்னால் இருந்தது.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். தொழுகை முடிந்து நேராக பிரியாணிக் கடைக்குப் போய், ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன். வெள்ளிக்கிழமை. டீச்சர் விரதமாக இருக்கலாம். இந்தக் கையைக் கொண்டுபோய் அவர் சாமிக்குப் பின்னால் விடுவதா? கேட்டால் அவர் "அதனால என்னா, பாருங்க பாய்" என்று சொல்லிவிடுவார், எனக்குத் தெரியும். சொல்லிவிட்டு, நான் போனதும் துணியை மாற்றி, தண்ணீர் தெளித்து, எனக்குத் தெரியக்கூடாதே என்று சங்கடப்படுவார். அந்தச் சங்கடத்தை அவருக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். பெரிய மனிதத்தன்மை என்று அன்றைக்கு எனக்கே என் மேல் ஒரு மெச்சல். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அதே நேரத்தில் பாயா ரும்புட்டிலிருந்து போன் மேல் போன். ஒரு டியூஷன் சென்டரில் நான்கு பெட்டிகள் படுத்துவிட்டன, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். வயரை விட்டேன். ஸ்டார்ட்அப் பட்டியலைத் திறந்தேன்.

பிரிண்டர் கம்பெனிக்காரன் போட்டது மூன்று, பாட்டுக்கு ஒன்று, யாரும் பேசாத வீடியோ கால் இரண்டு. எல்லாவற்றையும் நிறுத்தினேன். அடிப்பக்கத்தில் ஒன்று இருந்தது. ஆங்கில எழுத்தில் ஜே, ஏ, ஜி, ஏ. செய்தது யார் என்ற இடம் காலியாக இருந்தது. ஜேகா என்று படித்தேன். ஏதோ கேம், இல்லாவிட்டால் சூதாட்ட விளம்பரம், தெரியாமல் இறங்கியிருக்கும் என்று முடிவுகட்டினேன்.

"என்னாத்த பாய் நிறுத்துறீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"எல்லாம் குப்ப டீச்சர். நீங்க கூப்புடாமயே வந்து ஒக்காந்திருக்கு."

அவர் சிரித்தார். ஜேகாவையும் நிறுத்தினேன். பெட்டியை அணைத்துப் போட்டேன், பறந்து வந்தது. மலர் கை தட்டினாள்.

அடுத்த ஏழெட்டு மாதம் டீச்சரிடமிருந்து போன் இல்லை. சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். சரியாகவில்லை. அந்தியில் பெட்டி அணைந்து எழுவது நடந்துகொண்டேதான் இருந்தது. முன்பு எழுந்திருக்க அத்தனை நேரம் எடுத்ததால் அவருக்கு எரிச்சல் வந்து என்னைக் கூப்பிட்டார். இப்போது ஒரு வாய் டீ குடிப்பதற்குள் வந்துவிடுகிறது. இதற்குப் போய் பாயைத் தொந்தரவு செய்வதா என்று விட்டுவிட்டார். நான் கொடுத்த வேகம் நோயை மறைத்துவிட்டது. தினமும் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் அறுபட்டு, உள்ளே இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் போன் வந்தது. "பாய், பொட்டி எந்திரிக்கவே மாட்டேங்குது. கிர்ர்ருனு சத்தம் மட்டும் வருது."

மறுநாள் மதியம் போனேன். மலரும் இருந்தாள், ஆறு மாத வயிறு. பதிவு அலுவலகத்தில் நேர்காணலுக்கு அடுத்த வாரம் நாள் கொடுத்திருந்தார்கள். டிஸ்பென்சரிப் புத்தகத்தை டீச்சர் சொன்னபடியே வாங்கி, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, புத்தகத்தைத் திருப்பியும் கொடுத்துவிட்டார். மலரின் பக்கத்தை நேர்காணலுக்கு முன்னால் அச்செடுத்து வக்கீலிடம் கையெழுத்து வாங்குவதாக இருந்தார்.

இந்த முறை காரணம் தெரியாமல் எழுந்திருக்கப் போவதில்லை என்று வேறு டிஸ்க் ஒன்றைப் போட்டு ஓடவிட்டுக் காத்திருந்தேன். பொழுது சாய்ந்தது. டீச்சர் முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு வந்தார். குனிந்தார், சிவப்புத் துணியை விலக்கினார், சாமி லைட்டின் பிளக்கை எக்ஸ்டென்ஷனில் அழுத்திச் சொருகினார். கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்தது.

எக்ஸ்டென்ஷனை வெளியே எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். ஓட்டைகள் தளர்ந்து, ஒரு பக்கம் கருகியிருந்தது. ஒன்றைச் சொருகினால் பக்கத்தில் இருப்பது ஆடிவிடும். பிள்ளைகள்கூடக் கண்டுபிடிக்கிற கோளாறு. அன்றைக்கே பார்க்காமல் போன காரணத்தை, கறி சாப்பிட்ட கையைப் பற்றி, அவரிடம் சொன்னேன்.

டீச்சர் சிவப்புத் துணியை இழுத்துச் சரிசெய்தார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே சாமிய நவுத்தி வெச்சிருப்பேனே பாய்," என்றார். பிறகு என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே ஆறுதலும் சொன்னார். "விடுங்க லா. ஒன்னும் போகல. தினேஷு ஒரு ஜாகா போட்டு வெச்சிருக்கான். பொட்டிய போட்டா போதும், தன்னால எல்லாத்தையும் பின்னால சொருகியிருக்கிற அந்தச் சின்ன டிஸ்க்குல காபி எடுத்துரும்."

தினேஷ் அவர் மகன், ஜொகூரில் வேலை. அம்மாவின் கோப்புகளைக் காக்க அவனே எழுதிய சின்ன நிரல், அதற்கு ஜாகா என்று பெயர் வைத்திருக்கிறான். காவல்காரன். தோட்டத்து கேட்டில் நிற்பவனை நாம் அப்படித்தான் கூப்பிடுகிறோம். மோட்டாரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் ஜாகா பார்த்துக்கோ என்கிறோம். பிறந்ததிலிருந்து என் வாயில் கிடக்கிற சொல். திரையில் பார்த்ததும் அதை வெள்ளைக்காரன் மாதிரி படித்து, குப்பை என்று தூக்கிப் போட்டிருக்கிறேன்.

சின்ன டிஸ்கைத் திறந்தேன். கடைசிக் கோப்பின் தேதி நான் வந்த அந்த வெள்ளிக்கிழமை. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. புத்தகத்தை ஸ்கேன் செய்தது அதற்குப் பிறகுதான்.

"இருக்குதா அங்கிள்?" என்று மலர் கேட்டாள்.

தம்பிகளா, தங்கைகளா, நம் தொழிலில் எல்லாம் இந்தக் கேள்விக்கு வருகிற பதிலில்தான் இருக்கிறது. நான் சொன்ன பதில் இது. "பாத்துச் சொல்றேன்மா. இந்த டிஸ்க்கும் கொஞ்சம் மக்கர் பண்ணுது. கடைக்கிக் கொண்டு போறேன்."

டிஸ்க் மக்கர் பண்ணவில்லை. நான்தான் பண்ணினேன். செத்த ஹார்ட் டிஸ்கைக் கோலாலம்பூருக்கு அனுப்பி எப்படியாவது மீட்டுவிடலாம், மீட்டுவிட்டால் யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன். மூன்று நாள் அந்த நினைப்பிலேயே ஓடியது. டீச்சர் இரண்டு முறை போன் செய்தார். இரண்டு முறையும் "வேல நடந்துக்கிட்டு இருக்கு" என்றேன். மூன்றாம் நாள் சாயங்காலம் கோலாலம்பூரிலிருந்து பதில் வந்தது. உள்ளே தட்டு முழுக்கக் கீறல், எதுவும் வராது.

நாலாம் நாள் காலையில் போனேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஜாகாவை நிறுத்தியது நான், ஸ்கேன் செய்த பக்கங்கள் எங்கேயும் இல்லை, மூன்று நாளாக எனக்கு இது தெரியும் என்று.

டீச்சர் திட்டவில்லை. போனை எடுத்தார். புத்தகத்தை இரவல் கொடுத்த கிராணியைக் கூப்பிட்டு, அந்தப் புத்தகம் அவசரமாக மறுபடியும் வேண்டும், இப்போதே வருகிறேன் என்றார். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"அய்யோ டீச்சர், நேத்துதான் லோரி வந்துச்சி. தோட்டம் கைமாறிப் போச்சில்ல, பழைய ஆபிஸ ஒடைக்கிறாங்க. அலமாரியோட அப்டியே அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. முந்தாநாள் கேட்டிருந்தாகூட எடுத்து வெச்சிருப்பேன்."

டீச்சர் போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். குப்பை எங்கே கொட்டினார்கள் என்று விசாரித்து நானும் அவரும் போனோம். அங்கே ஏற்கனவே மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள்.

மலருக்கு நான்தான் சொல்ல வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம், மங்கு கழுவுகிற இடத்தில் வைத்துச் சொன்னேன். அவள் குழாயை மூடிவிட்டுக் கேட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். ஈரக் கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அதுல எங்கம்மா பேரும் நானும் ஒரே வரியில இருந்தோம் அங்கிள்," என்றாள். "வேற எங்கயும் நாங்க ரெண்டு பேரும் சேந்து இல்ல. டீச்சர் காட்டினப்ப போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கவான்னு கேக்கலாம்னு நெனச்சேன். பொட்டியிலதான் பத்திரமா இருக்கேன்னு விட்டுட்டேன்."

பெட்டியை நம்பினாள். பெட்டியைச் சரிசெய்தவனை நம்பித்தான் அதை நம்பினாள். மீண்டும் குழாயைத் திறந்து கழுவ ஆரம்பித்தாள், முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

நேர்காணலுக்கு அவளையும் டீச்சரையும் என் காரில் அழைத்துக்கொண்டு போனேன். நடந்ததை ஒரு கடிதமாக எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். அதை வைத்து யாருக்கும் ஐ.சி. கொடுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். வெளியே வந்தபோது டீச்சர் முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது.

"நல்லபடியாதான் பேசுனாங்க," என்றாள் மலர். "தாயோட சம்பந்தப்பட்டதா ஏதாச்சும் பேப்பர் இருக்கான்னு கேட்டாங்க. இருந்துச்சுன்னு சொன்னேன்."

அந்தப் பக்கம் கையில் இருந்திருந்தால் கட்டாயம் கிடைத்திருக்குமா? தெரியாது. டீச்சருக்கும் தெரியாது. எத்தனையோ பேருக்கு எல்லாப் பேப்பரும் இருந்தே கிடைக்கவில்லை. இதைச் சொல்லி என்னைத் தேற்றப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் மலருக்கு அந்த வாய்ப்பாவது இருந்தது, அதை நான் இல்லாமல் ஆக்கிவிட்டேன். மூன்று மாதத்தில் மனு நிராகரிக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது.

நீங்கள் தவறு செய்வீர்கள். தெரியாததை நிறுத்துவீர்கள், கேட்க வேண்டியதைக் கேட்க மாட்டீர்கள். நான் இத்தனை வருடத்தில் செய்யாத தவறு இல்லை, பெரும்பாலும் அதற்கெல்லாம் பரிகாரம் இருந்தது. ஜாகாவை நிறுத்தியதற்கும் பரிகாரம் இருந்தது. அது ஒரு அலமாரியில் மூன்று நாள் எனக்காகக் காத்துக்கொண்டு கிடந்தது. அந்த மூன்று நாளை என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளச் செலவழித்தேன். நீங்கள் கெடுத்துவிட்டீர்கள் என்று தெரிந்த அந்த நிமிடமே வாயைத் திறந்து சொல்லுங்கள். நல்லவர்களாக இருப்பதற்காக அல்ல. பறிகொடுத்தவர்களுக்கு எங்கே போய்த் தேட வேண்டும் என்று தெரியும், நமக்குத் தெரியாது.

கடையை உங்களிடம் கொடுப்பதற்குச் சில வாரம் முன்னால் மலர் வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் பிளாஸ்டிக் உறையில் ஒரு தாள். குழந்தையின் பிறப்புப் பத்திரம். ஸ்கேன் பண்ண வேண்டும் என்றாள். ஜாசினில் ஸ்கேன் செய்ய வேறு எத்தனையோ கடைகள் இருக்கின்றன. என்னிடம்தான் வந்தாள்.

தாளைக் கண்ணாடியில் வைக்கும்போது படித்தேன். தாயின் பெயர் மலர், பிள்ளையின் பெயர் யாழினி, இரண்டும் ஒரே தாளில் இருந்தன. அதற்குக் கீழே பிள்ளையின் நிலை என்ற இடத்தில் புக்கான் வார்கனெகாரா என்று அடித்திருந்தார்கள். இந்த நாட்டுக் குடிமகள் இல்லை.

"மூனு எடத்துல வெச்சிருங்க அங்கிள்," என்றாள் மலர். "ஒன்னு உங்ககிட்டயே இருக்கட்டும். இவளுக்கு எழுதிப் போடும்போது கேப்பாங்க."

மூன்று இடத்தில் வைத்தேன். மூன்றையும் அவள் எதிரிலேயே திறந்து காட்டினேன். மூன்றிலும் அதேதான் எழுதியிருந்தது.